கொல்லன் பட்டறை: ஓர் ஊருக்கு உலை எரிந்த கதை

"எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையோரம் ஒரு கொல்லன் பட்டறை இடிந்து கிடக்கிறது. அது எந்தக் காலத்தது, முன்பு எப்படி நடந்தது, ஏன் மூடினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிவகங்கைப் பக்கம் கொல்லர் வீட்டில் பிறந்தவன். தாத்தாவோடு எங்கள் உலை அணைந்தது. சின்ன வயதில் பாதிப் பொழுதைத் துருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கழித்திருக்கிறேன், அப்புறம் சங்கப் பாட்டு, கல்வெட்டு, ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்பு என்று பல வருஷமாகத் தேடிப் படித்தும் வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அதை ஒரு கடை என்று நினைத்துக்கொண்டு தேடினால் அதன் வரலாறு பிடிபடாது. கடைக்குப் போனால் காசு கொடுத்துச் சாமான் வாங்கிவருவோம், அத்தோடு தீர்ந்தது. ஊர்ப் பட்டறையில் நடந்த வேலையில் புதுச் சாமான் செய்தது கொஞ்சம்தான். தேய்ந்ததைத் தட்டிக் கொடுப்பதும், மழுங்கியதைத் தீட்டிக் கொடுப்பதும், ஒடிந்ததை ஒட்டிக் கொடுப்பதும்தான் வருஷம் முழுக்க. இதற்கு அன்றன்றைக்குக் காசு கிடையாது. ஊர் அறுவடையில் நெல்லாக அளக்கும். கொல்லர் ஊருக்குக் கடமைப்பட்டவர், ஊரும் அவருக்குக் கடமைப்பட்டது. பட்டறை எப்படி வாழ்ந்தது, ஏன் செத்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பழசு என்று பார்க்கப் புதைகுழி தோண்ட வேண்டாம், குறுந்தொகை 172ஆம் பாட்டு போதும். பிரிவில் வாடும் ஒருத்தி தன் நெஞ்சு படும் பாட்டைச் சொல்கிறாள்: "ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல் போல." ஏழு ஊருக்குப் பொதுவான வேலைக்காக ஓர் ஊரில் அமைத்த உலை, அதன் துருத்திக்கு ஓய்வே இல்லை, அதுபோல என் நெஞ்சும் எல்லை தெரியாமல் வருந்துகிறது என்கிறாள். பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். காதல் பாட்டுத்தான், ஆனால் நமக்கு இதில் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ஊருக்கு ஊர் உலை இருந்திருக்கவில்லை, பல ஊர் சேர்ந்து ஓர் உலையை வைத்திருந்தன. அந்த வேலைக்குப் 'பொதுவினை' என்றே பெயர். துருத்தியைக் காலால் மிதித்து ஊதினார்கள், அதனால்தான் அது மிதிதோல். எங்கள் பட்டறைக்கும் சுற்றுவட்டத்தில் நாலைந்து ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். இந்த வரியை முதன்முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

புறநானூற்றில் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன, அவனுடையவையோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து "கொல்துறைக் குற்றில" என்கிறார். கொல்லன் வேலை செய்யும் சின்னக் குடிலில் கிடக்கின்றன என்று பொருள். மன்னனின் வேல் என்றாலும் பழுது பார்க்க அந்தக் குற்றிலுக்குத்தான் வந்தாக வேண்டும். உங்கள் ஊரில் இடிந்து கிடப்பதும் அளவில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பத்தடிக்குப் பத்தடிதான் தேறும்.

எங்கள் பக்கத்து ஊரைப் பற்றியது என்பதால் புறநானூறு 21ஆம் பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. கானப்பேர் எயிலை, அதாவது கோட்டையை, பாண்டியன் உக்கிரப்பெருவழுதி பிடித்துவிட்டான், அதை இனி மீட்பது, கருங்கைக் கொல்லனின் செந்தீயில் காய்ந்த இரும்பு உண்ட நீரை மீட்பதைவிட அரிது என்கிறார் ஐயூர் மூலங்கிழார். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில். பழுத்த இரும்பைத் தொட்டியில் முக்கும்போது சீறிக்கொண்டு மறையும் அந்த நீரைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும்.

'பட்டறை' என்ற சொல்லுக்கும் வயதுண்டு. திருக்குறள் 821இல் "சீரிடம் காணின் எறிதற்குப் பட்டடை" என்று வருகிறதே, அந்தப் பட்டடைதான் பட்டறை ஆகியிருக்கிறது. பட்டடை என்றால் அடிக்கிற இரும்பைத் தாங்கும் அடைகல், பெயரில்தான் கல், எங்கள் காலத்தில் அது கனத்த இரும்புக் கட்டி. அதன் மேல் வைத்துத்தான் ஓங்கி அடிப்பார்கள். காலப்போக்கில் அந்தக் கல்லின் பெயரே கல் இருக்கும் இடத்துக்கும் ஆகிவிட்டது. இன்று லேத் பட்டறை, தங்கப் பட்டறை என்று எதற்கெல்லாமோ சொல்கிறோம், எல்லாம் கொல்லன் கல்லிலிருந்து வந்தவை.

சரி, இரும்பு எப்போதிருந்து என்று உடனே கேட்பீர்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது. கிருஷ்ணகிரி மாவட்ட மயிலாடும்பாறைக்கு அதற்கு முன்பே கி.மு. 2172 என்று சொல்லியிருந்தார்கள். இந்தக் காலக்கணிப்பைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் தயவுசெய்து இதை உங்கள் ஊர்ப் பட்டறையோடு முடிச்சுப் போடாதீர்கள். சிவகளையில் கிடைத்தது ஈமத் தாழியில் வைத்த பொருள். உங்கள் பட்டறைக்கு உறவு தேட வேண்டுமென்றால் ஈரோட்டுக்குப் பக்கத்தில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலுக்குப் போங்கள். அங்கே இரும்பு உருக்கிய உலையும், மூசையில், அதாவது உருக்கும் மண்குவளையில், எஃகு செய்த அடையாளமும், உருக்கியபின் மிஞ்சும் கசடான கிட்டமும் மக்கள் குடியிருந்த இடத்திலேயே கிடைத்தன. ஊரும் உலையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததற்கு அதுதான் கண்ணுக்குத் தெரியும் சாட்சி.

கொல்லர் ஊரில் எங்கே குடியிருந்தார், என்ன மரியாதையோடு இருந்தார் என்பதற்குக் கல்வெட்டைப் பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில், வரி விதிக்காமல் கழித்துவிட்ட நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு 'கம்மாணசேரி'யும் வருகிறது. கம்மாளருக்கென்று தனிச் சேரி. கொல்லர், தச்சர், பாத்திரம் செய்யும் கன்னார், கல்தச்சர், தட்டார் ஐந்து பேரும் சேர்ந்ததுதான் கம்மாளர். கரூர்க் கோயிலில் இருக்கும் இன்னொரு கல்வெட்டில், கொங்கு நாட்டை ஆண்ட ஓர் அரசன் கம்மாளருக்குச் சில உரிமைகளைக் கொடுக்கிறான்: நன்மை தின்மைக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். படிக்கும்போது மனசு கனக்கும். ஊர் முழுவதற்கும் கலப்பைக் கொழுவும் அரிவாளும் அடித்துக் கொடுத்தவர், காலில் செருப்புப் போட அரசன் ஓலை வேண்டியிருந்தது என்றால், அதற்கு முந்தின நாள் வரை அவர் எப்படி நடந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நெல்லுக்கு வருகிறேன். ஊர்த் தொழிலாளிக்கு அறுவடையில் கொடுக்கும் பங்குக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் ஏறத்தாழ 2,000 ஊர்களைத் தாமஸ் பர்னார்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளில் களத்தில் நெல்லைப் பங்கிடுவதற்கு முன்பே கோயில், காவல்காரர், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என்று யார் யாருக்கு எவ்வளவு எடுத்துவைத்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அரசுக்கும் உழுதவருக்கும் பங்கு பிரிக்கும் முன்னாலேயே கொல்லருக்கு ஒதுக்கிவிடுவார்கள், அதை யாரும் பிச்சையாக நினைக்கவில்லை. பல ஊர்களில் கொல்லன் மானியம் என்று தனியே நிலமும் விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஏர்க்கணக்குத்தான். யாரிடம் எத்தனை ஏர் ஓடுகிறதோ அதற்குத் தக்கபடி களத்தில் அளப்பார்கள். தாத்தா களத்துக்குப் போகும்போது சாக்கோடு புது அரிவாள் ஒன்றையும் கொண்டுபோய்க் களத்துக்காரரிடம் கொடுப்பார், வாங்குகிற கையும் வெறுங்கையாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

அந்த நெல்லுக்கு ஈடாக என்ன வேலை? முதல் இடம் கொழுவுக்கு. மரக்கலப்பையின் நுனியில் செருகும் இரும்புதான் கொழு, எங்கள் பக்கத்துச் சரளைச் செம்மண்ணில் நாலு நாள் உழுதால் அதன் மூக்கு மழுங்கிவிடும். விடியற்காலையில் உழவர்கள் கொழுவைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக வந்து உட்கார்ந்திருப்பார்கள், பொழுது ஏறுவதற்குள் எல்லாருக்கும் காய்ச்சி, மூக்கை நீட்டித் தட்டிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாடு கட்டின ஏர் சும்மா நிற்கும். நீட்டி நீட்டிக் கொழு குட்டையாகிப் போனால் புதுத் துண்டு ஒட்ட வேண்டும். இரண்டு இரும்பையும் வெள்ளையாகப் பழுக்க வைத்து, பூச்சி பறப்பதுபோலப் பொறி கிளம்பும் நேரம் பார்த்து, மேலே மணலைத் தூவி, அடைகல்லில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மணல் உருகி அழுக்கை இழுத்துக்கொண்டு பிதுங்கி வெளியே வரும். ஒரு மூச்சு தாமதித்தால் ஒட்டாது.

ஆடி, ஆவணியில் கொழு. தை பிறக்கும் முன்பே கதிர் அரிவாளுக்குக் கருக்கு வெட்டும் வேலை. சின்ன உளியால் பல் பல்லாக வெட்டிக்கொண்டு போவார், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி மயிரிழை பிசகாது, அளவுகோல் எதுவும் கிடையாது. நடுவில் மண்வெட்டி, கடப்பாரை, மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலைச் சால், கதவுக்குக் கொண்டி, கிணற்று உருளைக்குக் கம்பி.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. தச்சர் நடுவிலுள்ள குடம், ஆரக்கால், வெளிச்சுற்று வட்டை எல்லாம் கோத்துச் சக்கரத்தை முடித்துக் கொடுத்திருப்பார். இரும்புப் பட்டாவைச் சக்கரத்தைவிட ஒரு மட்டம் சின்னதாக வளைத்து ஒட்டி, தரையில் வைத்துச் சுற்றிலும் வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூட்டில் பட்டா விரியும். நாலு பேர் குறட்டால் பிடித்துத் தூக்கிவந்து மரச் சக்கரத்தில் இறக்கினதும் மரம் பற்றிக்கொண்டு புகையும், உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால் ஒவ்வொன்றும் குடத்துக்குள் இறுகுகிற 'நெறுக் நெறுக்' சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் சரியாக வந்துவிட்டால் தாத்தா பேசாமல் போய் வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவார்.

தீயைப் படிக்கிற வித்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெப்பமானி இல்லாத இடத்தில் நிறம்தான் எல்லாம். எங்கள் வீட்டில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. வளைக்க ஆவாரம்பூ மஞ்சள், பதம் வைக்கக் குன்றிமணிச் சிவப்பு. அரிவாளைக் குன்றிமணி நிறத்தில் எடுத்து வெட்டுவாயை மட்டும் தண்ணீரில் காட்டுவார், முதுகு சூடாகவே இருக்கும். உடனே வாயைக் கல்லில் இரண்டு தேய்ப்புத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு உற்றுப் பார்ப்பார். முதுகில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்க இறங்க அந்தப் பளபளப்பில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் தவிட்டு நிறம், கத்தரிப்பூ, கடைசியில் மயில்கழுத்து நீலம். வைக்கோல் நிறம் சுமார் 230 டிகிரி செல்சியஸ், நீலம் 300ஐ ஒட்டி என்று இன்றைய உலோகவியல் சொல்கிறது. வைக்கோலில் நிறுத்தினால் வாய் கடினமாக இருக்கும், ஆனால் கல்லில் பட்டால் தெறிக்கும். நீலம் வரை விட்டால் ஒடியாது, சீக்கிரம் மழுங்கும். மரம் வெட்டுகிற அரிவாளுக்குக் கத்தரிப்பூ நிறத்தில் முழுசாகத் தண்ணீருக்குள் விடுவார். இந்த நாலு நிறமும் ஓடி முடிய ஒரு வெற்றிலையை மடிக்கிற நேரம்கூட ஆகாது.

இதெல்லாம் ஒருவர் செய்கிற வேலை இல்லை. எங்கள் அப்பத்தா துருத்தி ஊதுவார், சம்மட்டியும் அடிப்பார். தாத்தா இடது கையில் குறடு, வலது கையில் சின்னச் சுத்தியல். சுத்தியலால் அவர் எங்கே லேசாகத் தட்டுகிறாரோ அங்கே சம்மட்டி விழ வேண்டும். சுத்தியல் இரும்பை விட்டுவிட்டு அடைகல்லில் 'டிங்' என்று தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். பேச்சே இருக்காது. கொல்லர் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்மட்டி பிடித்தவர்கள், ஆனால் மேரைக் கணக்கில் ஆம்பளைப் பெயர்தான் இருக்கும்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்பதை வைத்துப் பட்டறையின் காலத்தைப் பிரித்துப் பார்க்கலாம். இரும்பு உருக்கினவர் வேறு, ஊர்க் கொல்லர் வேறு. சேலம் கஞ்சமலைப் பக்கம் போன்ற இடங்களில் ஆள் உயரம்கூட இல்லாத மண் உலையில் கனிமத்தையும் மரக்கரியையும் போட்டு உருக்குவார்கள், அங்கிருந்து வந்த இரும்புக் கட்டியை ஊர்க் கொல்லர் வாங்கி அடிப்பார். பிரான்சிஸ் புக்கானன் 1800இல் மைசூர், கொங்குப் பகுதிகளைச் சுற்றி வந்தபோது இந்த உலைகளைப் பார்த்து விவரமாக எழுதியிருக்கிறார். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சேலத்துக் கனிமத்தை நம்பிப் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை தொடங்கினார், அதற்குத் தேவையான அளவு மரக்கரி கிடைக்காததே பெரும் தலைவலியாகி 1860களில் அது மூடப்பட்டது. அதற்குள் இங்கிலாந்து இரும்புப் பட்டை கப்பலில் வந்து மலிவாக இறங்கிக்கொண்டிருந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்ததும் காட்டில் கரி சுடுவது கெடுபிடியானது. மண் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஆனால் ஊர்ப் பட்டறை அணையவில்லை. பலர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள், சீமை இரும்பு வந்து கொல்லரை அழித்தது என்று எழுதிவிடுகிறார்கள். சீமை இரும்பு அழித்தது உருக்கினவரை. ஊர்க் கொல்லருக்கு எந்த இரும்பாக இருந்தால் என்ன, கொழு தேய்ந்துகொண்டேதானே இருந்தது. எங்கள் பக்கத்தில் அவருக்கு நஷ்டம் வந்தது வேறு வழியில். 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டு ஊர் ஊராகப் பறித்தார்கள், வேலும் வாளும் அடிக்கிற வேலை அதோடு போயிற்று. அரிவாள் விவசாயக் கருவி என்பதால் தப்பியது. பிறகு ரயில் தண்டவாளத் துண்டு, டாடா இரும்பு, லாரி வந்த பின் அதன் ஸ்பிரிங் பட்டை என்று கச்சாப் பொருள் மாறிக்கொண்டே வந்தது. ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு, தாத்தா அதைக் கையில் எடுத்துத் தட்டிச் சத்தம் கேட்டே வாங்குவார்.

பட்டறையை மூடவைத்தது ஏர் நின்றுபோனதுதான். டிராக்டர் வந்ததும் கொழு போயிற்று, டயர் வண்டி வந்ததும் பட்டா போயிற்று, மின்மோட்டார் வந்ததும் கமலைச் சால் போயிற்று, அறுவடை இயந்திரம் வந்ததும் கருக்கரிவாளும் போயிற்று. இந்த நாலும் இருபது முப்பது வருஷத்துக்குள் நடந்தன. இன்னொன்றும் கூடவே நடந்தது. இயந்திரத்தில் அறுத்த நெல் களத்துக்கு வராமல் நேராக வியாபாரியின் லாரிக்குப் போனது. களமே இல்லாத ஊரில் மேரையை எங்கே நின்று வாங்குவது? ஒரு வருஷம் தாத்தா சாக்கோடு போய் வெயிலில் காத்திருந்துவிட்டுச் சும்மா திரும்பிவந்தார். மறு வருஷத்திலிருந்து போகவில்லை. யார் மேலும் அவர் குறை சொன்னதில்லை.

அப்படியானால் திருப்பாச்சேத்தியில் மட்டும் எப்படி இன்றைக்கும் உலை எரிகிறது என்று கேட்கலாம். அது ஒரு ஊரின் கொழுவை நம்பி இருக்கவில்லை. அரிவாளுக்கென்றே பெயர் எடுத்து, வெளியூர்ச் சந்தைக்கு அடித்து, கோயில் நேர்த்திக்கடனுக்கு ஆள் உயர அரிவாள்கூடச் செய்து கொடுக்கிறது. அதாவது அவை கடையாக மாறிய பட்டறைகள், காசுக்கு வேலை, அதனால் தப்பித்தன. இன்று கையில் சுற்றும் ஊதுவிசிறியும் மின்விசிறியும் துருத்தியின் இடத்துக்கு வந்துவிட்டன, கரி பெரும்பாலும் சீமைக்கருவேலம்.

இனி உங்கள் பட்டறைக்கு வருவோம். முதலில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அந்தத் தரை மண்ணில் தடவுங்கள். பழுத்த இரும்பை அடிக்கும்போது மீன் செதிள் மாதிரி மெல்லிய கருந்தூள் உதிரும், அது காந்தத்தில் ஒட்டும். எந்த இடத்தில் அதிகமாக ஒட்டுகிறதோ அங்கேதான் அடைகல் இருந்தது. எத்தனை ஆழம் வரை அந்தத் தூள் போகிறது என்று பார்த்தால் எத்தனை தலைமுறை அடித்திருக்கிறார்கள் என்று ஓரளவு பிடிபடும். ஆனால் நீங்களாகத் தோண்ட வேண்டாம், பக்கத்தில் மண் சரிந்த இடம் இருந்தால் அதில் பார்த்தாலே போதும். கனமான, கண்ணாடி போல வழிந்து இறுகிய கிட்டம் குவியலாகக் கிடந்தால் மட்டும் மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், அது இரும்பு உருக்கிய இடமாக இருக்கலாம், கதையே வேறு.

அடுத்தது வருவாய்த்துறையின் பழைய நிலப் பதிவேடு. கொல்லன் மானியம், கொல்லன் இனாம், ஆசாரி பட்டறை என்று எந்த சர்வே எண்ணுக்காவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இனாம் கணக்கெடுத்த 1860களை ஒட்டியே அங்கே உலை இருந்தது என்பதற்கு அது கையெழுத்துச் சாட்சி. பிறகு ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் போய், பட்டறை எப்போது வந்தது என்று கேட்காதீர்கள், அது யாருக்கும் தெரியாது. "உங்கள் வீட்டுக்குக் கொழு அடித்தது யார், ஏருக்கு எவ்வளவு அளந்தீர்கள்" என்று கேளுங்கள். மரக்கால் கணக்கோடு பதில் வரும்.

அடைகல் இன்னும் அங்கேயே புதைந்து கிடந்தால் அதை யாரும் பழைய இரும்புக்குப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது வீட்டு வாசலில் இருக்கிறது, நடுவில் ஒரு கைப்பிடி அரிசி கொள்கிற அளவுக்குக் குழி விழுந்திருக்கும்.